பொதுவெளியில் கிடந்த சான்றுகள்: கிழக்கு உக்ரைனில் ரஷ்யப் படைகளும் திறந்தமூலப் புலனாய்வும்

பகைநாட்டின் வானொலியையும் செய்தித்தாளையும் கூர்ந்து கவனித்துப் படைநகர்வை ஊகிப்பது பழைய கலை. பிபிசி 1939-இலும், அமெரிக்க அரசு 1941-இலும் அயல்நாட்டு ஒலிபரப்புகளைக் கேட்பதற்கென்றே தனிப் பிரிவுகளைத் தொடங்கின. அங்கே திரட்டியதை எடைபோட்டுப் பயன்படுத்தியவை அரசுகளே. 2014-இல் கிழக்கு உக்ரைனில் இந்த நிலை மாறியது. ஓர் அரசு இல்லையென்று சாதித்த போரை, எந்த அரசிலும் பணியாற்றாதவர்கள், யாரும் பார்க்கக்கூடிய படங்களைக் கொண்டே மெய்ப்பிக்கத் தொடங்கினர். திறந்தமூலப் புலனாய்வு எனப்படும் அந்த முறை எதுவரை சென்றது, எங்கே நின்றது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

மறுப்பின் வரலாறு கிரிமியாவில் தொடங்குகிறது. 2014 மார்ச் தொடக்கத்தில், அடையாளச் சின்னமில்லாத சீருடையில் வந்தவர்கள் உள்ளூர்த் தற்காப்புப் படையினர் என்றார் ரஷ்ய அதிபர் புதின். ஏப்ரல் 17-இல், அவர்களுக்குப் பின்னால் ரஷ்ய வீரர்கள் நின்றதை அவரே ஒப்புக்கொண்டார். கிழக்கு உக்ரைனின் டான்பாஸ் பகுதியிலும் அதே மறுப்புதான். ஆகஸ்டில் பத்து ரஷ்ய வான்குடைப் படையினர் உக்ரைன் எல்லைக்குள் பிடிபட்டபோது, வழிதவறிச் சென்றுவிட்டார்கள் என்று மாஸ்கோ விளக்கம் சொன்னது. உக்ரைன் படையிடம் ஒருபோதும் இல்லாத டி-72பி3 டாங்கிகள் அங்கே எடுக்கப்பட்ட காணொளிகளில் தென்பட்டதற்கு அப்படியொரு விளக்கமும் கிடைக்கவில்லை.

திருப்புமுனை ஜூலை 17. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் சென்ற மலேசிய விமானம் எம்எச்17 கிழக்கு உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தனர். மறுநாள் காலையில் எடுக்கப்பட்ட ஒரு காணொளியை உக்ரைன் உள்துறை வெளியிட்டது. ஒரு லாரியின் தாழ்தள டிரெய்லரில் பூக் வான்காப்பு ஏவுகணைகளை ஏவும் ஏவுகலம் ஒன்று போகிறது. நான்கு ஏவுகணைகள் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றைக் காணோம். ஜூலை 21-இல் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம், இது உக்ரைன் அரசின் பிடியிலிருந்த கிராஸ்னோவார்மீஸ்க் நகரில் எடுக்கப்பட்டது என்றது. காட்சியில் தெரிந்த விளம்பரப் பலகையையே அதற்கு ஆதாரமாகவும் காட்டியது. அந்தப் பலகையையும் டிராலிபஸ் கம்பிகளையும் சுற்றியுள்ள கட்டடங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், இடம் கிளர்ச்சியாளர் வசமிருந்த லுஹான்ஸ்க் என்று காட்டினர். பிற்பாடு, விமானம் வீழ்த்தப்பட்டதை விசாரித்த பன்னாட்டுக் கூட்டு விசாரணைக் குழுவும் லுஹான்ஸ்க் என்றே முடிவுசெய்தது.

அந்த ஏவுகலம் எங்கிருந்து வந்தது? சிரியப் போரின் ஆயுதங்களைக் காணொளிகளில் அடையாளம் கண்டு எழுதிவந்த எலியட் ஹிக்கின்ஸ், விமானம் விழுவதற்குச் சில நாள் முன்னர்தான் பெல்லிங்கேட் குழுவைத் தொடங்கியிருந்தார். ஜூன் 23 முதல் 25 வரை ரஷ்யாவின் கூர்ஸ்கிலிருந்து எல்லையை நோக்கிப் போன ஒரு படை வரிசையைச் சாலையோரத்து மக்கள் படமெடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தனர். அதில் ஓர் ஏவுகலத்தின் எண்ணில் நடு இலக்கம் அழிந்து 3-க்கும் 2-க்கும் இடையே வெற்றிடமாக இருந்தது. எண்ணை எப்போது வேண்டுமானாலும் அழித்து எழுதலாம். சங்கிலிப் பட்டைகளுக்கு மேலே தொங்கும் ரப்பர் மறைப்பு அப்படியன்று. ஓடி ஓடி அது வளைந்தும் கிழிந்தும் போகும் விதம் வண்டிக்கு வண்டி வேறுபடும். ஜூலை 17-இல் டோனெட்ஸ்கில் எடுக்கப்பட்டு பாரிஸ் மாட்ச் இதழில் வந்த படத்திலிருந்த மறைப்பின் வளைவுகள், ரஷ்யச் சாலையில் எடுத்த படங்களோடு பொருந்தின. இந்த ஒப்பீடே இவ்வரலாற்றின் மிக வலுவான பகுதி என்பது என் கணிப்பு. 2018 மே 24-இல் கூட்டு விசாரணைக் குழு, ஏவுகலம் கூர்ஸ்கிலுள்ள 53-ஆம் வான்காப்பு ஏவுகணைப் படையணிக்குச் சொந்தமானது என்று அறிவித்தது.

எல்லா முயற்சியும் இதே தரத்தில் இல்லை. எம்எச்17 தொடர்பாக ரஷ்யா வெளியிட்ட செயற்கைக்கோள் படங்கள் திருத்தப்பட்டவை என்று 2015-இல் பெல்லிங்கேட் சொன்னபோது, அதற்குக் கையாண்ட பிழையளவு ஆய்வு முறையைப் படத் தடயவியல் வல்லுநர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தனர். எதிர்ப்பு நியாயமானதே. அதே ஆண்டு செய்தியாளர் சைமன் ஆஸ்ட்ரோவ்ஸ்கி எளிய வழியைத் தேர்ந்தார். ஒரு ரஷ்ய வீரர் தம் பக்கத்தில் போட்டிருந்த படங்களை எடுத்துக்கொண்டு, அவை எடுக்கப்பட்ட இடங்களுக்கே போய் அதே கோணத்தில் நின்றார். கிழக்கு உக்ரைனின் டெபால்ட்சேவே பகுதி வரை தடம் பொருந்தியது.

அடுத்த கட்டம் நீதிமன்றம். அங்கே படம் மட்டும் போதாது. நெதர்லாந்துத் தடயவியல் நிறுவனம் காணொளிகளைச் சோதித்தது. ஒட்டுக்கேட்ட உரையாடல்களும் கைப்பேசிக் கோபுரத் தரவுகளும் சாட்சியங்களும் சேர்ந்தன. 2022 நவம்பர் 17-இல் ஹேக் மாவட்ட நீதிமன்றம், ஏவுகணை பெர்வோமைஸ்கி அருகே ஒரு வயலிலிருந்து ஏவப்பட்டது என்றும், 2014 மே நடுப்பகுதியிலிருந்து டோனெட்ஸ்க் கிளர்ச்சியாளர்கள் ரஷ்யாவின் ஒட்டுமொத்தக் கட்டுப்பாட்டில் இருந்தனர் என்றும் தீர்ப்பளித்தது. குற்றஞ்சாட்டப்பட்ட நால்வரில் கிர்க்கின், துபின்ஸ்கி, கார்சென்கோ ஆகிய மூவருக்கு அவர்கள் வராமலே ஆயுள் தண்டனை; புலாத்தோவ் விடுவிக்கப்பட்டார்.

ரஷ்யாவும் பாடம் கற்றது. பணியிலுள்ள வீரர்கள் ஸ்மார்ட்ஃபோன் வைத்திருப்பதற்கும் படைப்பணி பற்றி இணையத்தில் பதிவதற்கும் 2019-இல் சட்டத்தடை வந்தது. பெருமைக்காக வீரர்களே வெளியிட்ட படங்கள் அரசின் மறுப்பை எவ்வளவு பலவீனமாக்கின என்பதற்கு அந்த அரசே தந்த ஒப்புதலாக இதைக் கொள்ளலாம்.

வண்டியை அடையாளம் காட்டிய முறையால் ஆளை அடையாளம் காட்ட முடியவில்லை. ஏவுகலத்தை இயக்கியவர்கள் மீதோ, அதை அனுப்பிய மேலிடத்தார் மீதோ வழக்குத் தொடரப் போதிய சான்று இல்லை என்று சொல்லி, 2023 பிப்ரவரி 8-இல் கூட்டு விசாரணைக் குழு தன் விசாரணையை நிறுத்திவைத்தது.