கஸ்டர்டும் ஒரு 12 வயதுச் சிறுவனும்



நம்ம குருவிகுளம் பக்கத்துக் கல்யாண வீடுகளிலும் பாயசத்தோடு புரூட் கஸ்டர்ட் பரிமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஒரு வரலாறு இருக்கிறது.

அசல் கஸ்டர்ட் சாஸில் மாவே கிடையாது. பால், முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை, வெனிலா, அவ்வளவுதான். ஆங்கிலேயர் இதைக் கஸ்டர்ட் என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களோ 'இங்கிலீஷ் க்ரீம்' என்று பொருள்படும்படி 'கிரெம் ஆங்லேஸ்' என்கிறார்கள். இதற்கு ஒன்றுவிட்ட சொந்தம் நம் காயல்பட்டினம், கீழக்கரை வீடுகளின் வட்டலப்பம். அதில் பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால். ஆவியில் வேக வைப்பார்கள்.

அப்படியானால் டப்பாவில் வரும் பொடி? 1837இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் அதை உருவாக்கினார். அவர் மனைவி எலிசபெத்துக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. மனைவிக்காக முட்டை இல்லாமல், சோள மாவால் பாலைக் கெட்டியாக்கினார். முட்டை சேர்க்காத நம் ஊர் வீடுகளுக்குள் கஸ்டர்ட் நுழைந்ததும் அந்த வழியாகத்தான். பேர்டின் பெயர் இன்றும் டப்பாவில் இருக்கிறது.

பெயர் இல்லாத ஒருவரும் உண்டு. வெனிலாக் கொடி மெக்சிகோவுக்கு உரியது. பிரெஞ்சுக்காரர்கள் அதை இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் நட்டார்கள். பூத்தது, காய்க்கவில்லை. பூவுக்குள் மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவே ஒரு மெல்லிய திரை தடுக்கிறது. பூ விரிந்திருப்பதும் சில மணி நேரம்தான். 1841இல் எட்மண்ட் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், ஒரு மெல்லிய குச்சியால் அந்தத் திரையை விலக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்திவிட்டான். காய்த்தது! இன்றும் வெனிலாத் தோட்டங்களில் கைவேலை அதே முறைதான்.

ஒரு பிரெஞ்சுத் தாவரவியல் அறிஞர் அது தன் கண்டுபிடிப்பு என்றார். எட்மண்டின் எஜமானரோ சிறுவன் பக்கம் நின்று எழுதி வைத்தார். 1848இல் அடிமை முறை ஒழிந்தபோது அவனுக்கு விடுதலையும் 'அல்பியஸ்' என்ற குடும்பப் பெயரும் கிடைத்தன. பணம் மட்டும் கிடைக்கவில்லை. 1880இல் வறுமையில் இறந்தார். விடுதலையான அடிமைகளின் இடத்தை நிரப்ப, புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளாக ஏராளமான தமிழர்கள் அதே தீவுக்குக் கப்பலேறினார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோருக்கு: அரை லிட்டர் பாலை வெனிலாவோடு சூடாக்குங்கள். 5 மஞ்சள் கருவை 80 கிராம் சர்க்கரையோடு நன்றாக அடித்து, சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். பிறகு சிம்மில் வைத்து, மரக் கரண்டியால் கை விடாமல் கிளறுங்கள். கொதிக்க விடக் கூடாது; 85 டிகிரியைத் தாண்டினால் முட்டை திரிந்துவிடும். கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்க வேண்டும். அதுதான் பதம். உடனே இறக்கி வடிகட்டி ஆற வையுங்கள். பொடிக்கு நேர்மாறு: குளிர்ந்த பாலில் கரைத்து, கொதிக்க வைத்தால்தான் மாவு வேகும்.

வெனிலா மணக்கும்போது பிள்ளைகளுக்கு எட்மண்ட் அல்பியஸ் என்ற பெயரையும் சொல்லிக் கொடுங்கள். பாடப் புத்தகத்தில் இல்லாததை நாம்தானே சொல்ல வேண்டும்?