ஆற்றுக் கடிதத்திலிருந்து வாடகை ஒப்பந்தம் வரை

ஜொகூரின் பொந்தியான் கெச்சிலில் ஒரு கடைவீட்டையோ, தாமானில் ஒரு தரைவீட்டையோ வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர் முதலில் விலையைக் கேட்கிறார். பிறகு மாதம் எவ்வளவு வரும் என்று கேட்கிறார். ஜொகூரின் கடந்த நூற்றெண்பது ஆண்டுகளைப் படித்துவிட்டு வருபவருக்கு வேறொரு கேள்வி முந்திக்கொள்ளும்: இந்த வருமானம் எந்தச் சட்டத்தை நம்பி நிற்கிறது? நிலமும் கட்டடமும் அசையாமல் இருக்க, அவற்றிலிருந்து வந்த பணம் மட்டும் நின்றுபோனது இம்மாநிலத்தில் ஒருமுறை மட்டும் நடந்ததல்ல. ஆகவே சிறு முதலீட்டாளர் இரண்டாவது வீட்டுக்குப் பணம் சேர்ப்பதற்கு முன், முதல் வீட்டின் ஆவணங்களுக்கும் பழுதுபார்ப்புக்கும் செலவிட வேண்டும் என்கிறேன்.

ஜொகூரின் ஆட்சியாளர் தெமெங்கோங் இப்ராகிம் 1844 முதல் சீனத் தலைவர்களுக்கு ஆற்றங்கரைகளை எழுதிக் கொடுத்தார். சூராட் சுங்கை எனப்பட்ட அந்த ஆற்றுக் கடிதத்தைப் பெற்றவர் கங்சு. காட்டை வெட்டிக் கம்பீரும் மிளகும் பயிரிட ஆட்களைக் குடியேற்றுவது அவர் பொறுப்பு. அபின், மது, சூதாட்டம், அடகுக்கடை ஆகியவற்றின் வருவாய் அவர் கைக்கு. கங்சுவின் செல்வாக்கு முழுவதும் ஆட்சியாளர் தந்த ஒரு தாளில் தங்கியிருந்தது. 1910இல் ஜொகூர் நிலச் சட்டம் வந்து, பதிவேட்டில் இருக்கும் பெயரே உரிமைக்கு ஆதாரம் என்ற முறை வேரூன்றியது. 1917இல் கங்சு உரிமைகள் சட்டத்தாலேயே ஒழிக்கப்பட்டன. மூன்று தலைமுறை நீடித்த வருமான ஏற்பாடு அத்துடன் முடிந்தது.

இன்றைய சிறு வீட்டுக்காரருக்கு இதைவிட நெருக்கமான பாடம் வாடகைக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய வீட்டுப் பற்றாக்குறையில் கொண்டுவரப்பட்ட கட்டுப்பாடுகள் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமாக நிலைத்தன. 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு, வீட்டுக்காரர் தம் விருப்பப்படி வாடகையை உயர்த்த முடியவில்லை. சட்டம் சொன்ன காரணம் இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்றவும் முடியவில்லை. இதன் விளைவு பினாங்கின் ஜார்ஜ் டவுனில்தான் மிகத் தெளிவாகத் தெரிந்தது. வந்த வாடகை கூரையை மாற்றக்கூடப் போதாததால் வீட்டுக்காரர்கள் கட்டடங்களைக் கைவிட்டார்கள்; ஓடு சரிந்தது, உத்தரம் இற்றது. அதே வீட்டில் முதன்மை வாடகைதாரர் அறைகளைப் பிரித்து உள்வாடகைக்கு விட்டுச் சந்தை விலையை வாங்கிக்கொண்டதும் உண்டு. சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 1999 இறுதிவரை இடைக்காலம் தரப்பட்டது. அதுவரை பொறுத்திருந்தவர்களில், கட்டடத்தைப் பேணிவந்தவருக்கே உடனே பலன் கிடைத்தது. மற்றவர் கையில் இருந்தது பழுதுச் செலவு.

அந்தச் சட்டம் ஏழைகளைக் காத்ததே, அதைக் குறை சொல்லலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நீக்கத்துக்குப் பிறகு ஜார்ஜ் டவுனின் பழைய குடும்பங்கள் பல வாடகை கட்ட முடியாமல் வெளியேறியது உண்மை. தமிழருக்கு இது புதிதும் அல்ல. தோட்டத்து லயத்தில் வேலை போனால் வீடும் போகும்; 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அதைத் தடுக்கத்தான் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க வைத்தார். அந்த மரபில் வந்தவர் வீட்டுக்காரர் ஆகும்போது குடியிருப்பவரின் பயத்தை மறக்கக்கூடாது. ஆனால் காப்பின் செலவு முழுவதையும் ஒரே ஒரு கடைவீடு வைத்திருந்தவர் தலையில் கட்டியதுதான் அச்சட்டத்தின் குறை. இருதரப்புக்கும் தெரிந்த காலவரையும் எழுதிய நிபந்தனையும் இருந்தால் அந்தப் பயம் பெரிதும் குறையும்.

சிற்றூரில் எல்லாரும் தெரிந்தவர்கள், வாய்ப்பேச்சே போதும் என்பது அடுத்த மறுப்பு. வாய்மொழி வாடகையும் செல்லும்தான். தகராறு வந்தால் நிரூபிப்பதுதான் பாடு. முத்திரைத் தீர்வை கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் அப்படியே சான்றாக ஏற்காது. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நிலப் பதிவில் ஏற்ற வேண்டும். வாடகை பாக்கி என்று பூட்டை மாற்றி ஆளை வெளியேற்ற வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 1950 நீதிமன்றத்துக்குத்தான் போகச் சொல்கிறது. பாக்கிக்காகப் பொருளைக் கைப்பற்ற 1951ஆம் ஆண்டுச் சட்டம் வழி தருகிறது, அதுவும் பன்னிரண்டு மாதப் பாக்கிவரைதான். வழக்கமான இரண்டு மாத வைப்புத்தொகை இந்தக் காத்திருப்பை ஈடுகட்டாது. அதனால் சில மாத வாடகையையாவது தொடாமல் தனியே வைத்திருக்க வேண்டும்.

பொந்தியானில் வாடகைக்கு வீடு தேடி வருபவர்களில் தஞ்சோங் பின் மின்நிலையத்தையும் பக்கத்துத் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்தையும் சார்ந்த நிறுவனங்களும் உண்டு. தொழிலாளர் விடுதிக்காக மொத்தமாக எடுக்கும் நிறுவனம் கவர்ச்சியான வாடகை சொல்லும். ஆனால் 2019இல் திருத்தப்பட்ட தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டப்படி, அந்த வீட்டுக்குத் தொழிலாளர் துறையின் தங்குமிடச் சான்றிதழை முதலாளி பெற்றாக வேண்டும். அதை எப்போது பெறுவது, எத்தனை பேர் தங்கலாம், கழிவறை பழுதானால் யார் செலவு என்பதையெல்லாம் சாவி கொடுப்பதற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும்.