வாக்களிக்க அழைப்பவர் யார்?

தேர்தல் அறிவிக்கப்பட்டதும் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்தோறும் ஓர் அழைப்பு எழுகிறது. மார்க்கையன்கோட்டை போன்ற சிறு பேரூராட்சிக்கும் அது வந்து சேர்கிறது. அழைப்பவர் அரசு அலுவலராயிருக்கலாம், கட்சித் தொண்டராயிருக்கலாம், பங்குத்தந்தையாகவும் இருக்கலாம். "தவறாது வாக்களியுங்கள்" என்னும் சொல் ஒன்றே. நோக்கமும் ஒன்றுதானா?

விடுதலை இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951-52இல் நடைபெற்றது. 17 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளருள் பெரும்பாலோர் எழுத்தறியாதோர். ஆகவே வேட்பாளர்க்குச் சின்னங்கள் வழங்கப்பட்டன. தனித்தனிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. வானொலியும் திரையரங்குகளும் வாக்குரிமையை விளக்கின. புதிய குடியரசு நிலைபெற மக்களின் இசைவு தேவைப்பட்டது. அதுவும் ஒருவகைத் தன்னலமே. ஆயினும் அத்தேவை மக்களை உயர்த்தியது. வட மாநிலங்களில் பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்லாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவு செய்ய முற்பட்டனர். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதனை ஏற்கவில்லை. ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அவர்கள் அம்முறை வாக்கிழந்தது பேரிழப்பே. எனினும், வாக்கு குடும்பத்தின் உடைமையன்று, பெயருடைய ஒவ்வொருவரின் உரிமை என்பது அன்று உறுதியாயிற்று.

கத்தோலிக்கராகிய நாம் நம் வரலாற்றையும் நேர்மையோடு நோக்கவேண்டும். 1948 ஏப்ரலில் நடந்த இத்தாலியத் தேர்தலில், லூயிஜி ஜெத்தா அமைத்த குடிமைக் குழுக்கள் பங்குகள்தோறும் மக்களை வாக்குச்சாவடிக்கு அழைத்தன. 90 விழுக்காட்டுக்கும் மேலானோர் வாக்களித்தனர். பொதுவுடைமையினர் வெல்லலாகாது என்பதே அவ்வழைப்பின் உயிர்நாடி. செக்கோஸ்லோவாக்கியாவில் அதற்கு இரு மாதங்கள் முன்பு நிகழ்ந்ததைக் கண்டோர்க்கு அவ்வச்சம் இயல்பே. ஆனால் மாற்றணிக்கு வாக்களிப்போரையும் திரட்டுவது அக்குழுக்களின் நோக்கமன்று. பின்னர், 1965இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநலனுக்காகத் தன்னுரிமையுடன் வாக்களிப்பதைக் குடிமக்களின் உரிமையாகவும் கடமையாகவும் நினைவூட்டியது.

நம் அண்டை மாவட்டத்துத் திருமங்கலத்தில் 2009 சனவரியில் நடந்த இடைத்தேர்தலில் ஏறத்தாழ 89 விழுக்காட்டினர் வாக்களித்தனர். அவ்வெண்ணிக்கை கண்டு எவரும் பெருமிதம் கொள்ளவில்லை. வாக்குக்குப் பணம் என்ற குற்றச்சாட்டே அத்தேர்தலின் பெயராக நிலைத்துவிட்டது. 2011 முதல் தேசிய வாக்காளர் தினம் சனவரி 25 அன்று கொண்டாடப்படுகிறது. 2013இல் எவரையும் ஏற்காதோர்க்கும் வாக்குப்பொறியில் ஒரு பொத்தான் தரப்பட்டது. இருப்பினும், வாக்கு விழுக்காட்டின் உயர்வு மட்டுமே குடியாட்சியின் உடல்நலத்தைக் காட்டிவிடாது.

நமக்கு எதிராகவே வாக்களிப்பார் என அறிந்தும் ஒருவரை வாக்களிக்க அழைக்க நம்மால் இயலுமா? இயலுமெனில், நாம் நாடுவது அவரது மாண்பு. இயலாதெனில், நாம் நாடுவது அவரது வாக்கை மட்டுமே. அடுத்த தேர்தலில் அயலாரின் கதவைத் தட்டுமுன் இக்கேள்வியை நம் மனச்சான்றிடம் கேட்போம்.