வலப்பக்கம் முகம், இடப்பக்கம் எழுத்து

மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் மலையில் சமண முனிவர்கள் தங்கிய குகைகள் உள்ளன. பாறையில் தமிழ் பிராமி எழுத்து. முனிவர்களுக்கு உதவியவர்களில் வெள்ளறை என்ற ஊரின் வணிகர் குழுவும் உண்டு. வியாபாரியான எனக்கு அதில் கொஞ்சம் பெருமை. 1882ல் கண்டெடுத்த அந்தக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று கே.வி.சுப்பிரமணிய ஐயர் 1924ல் எடுத்துக் காட்டினார். நம் மொழிதான். ஆனாலும் நாம் போய் நின்றால் கீறல்தானே தெரிகிறது, அது ஏன்?

அதே 1924ல் ஜெர்மனியின் ஜேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற டாக்டர் மனித மூளையின் மின்னலையை முதன்முதலாகப் பதிவு செய்தார். வெளியிட்டது 1929ல். நிம்ஹான்ஸில் வலிப்பு நோயாளிகளுக்குத் தலையில் ஒயர் ஒட்டி எடுக்கிறார்களே, அந்த ஈ.ஈ.ஜி.தான். கண்ணை மூடினால் நிதானமாக ஓடும் அலை, திறந்ததும் அடங்கிவிடும் என்று அவர் கண்டார். அவருக்கும் முன்னே, 1875லேயே, லிவர்பூலில் ரிச்சர்ட் கேட்டன் முயல், குரங்கு மூளைகளில் மின்னோட்டத்தைக் கண்டு சொல்லிவிட்டார்.

நம் பார்வையின் இடப்பாதி வலது மூளைக்கும் வலப்பாதி இடது மூளைக்கும் போகிறது. அதற்குமேல் இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. 1996ல் ஷ்லோமோ பெண்டினும் கூட்டாளிகளும் முகப் படங்களைக் காட்டி அளந்தார்கள். ஒரு வினாடியை ஆயிரமாகப் பங்கிட்டால் ஏறத்தாழ 170வது பங்கில் ஒரு மின்துடிப்பு. வலப்பக்கம் அது பெரிது. எழுத்தைக் காட்டினாலோ, வாசிக்கத் தெரிந்தவருக்குப் பெரும்பாலும் இடப்பக்கம் ஓங்குகிறது. (இதை வைத்து இடது மூளை கணக்கு, வலது மூளை கலை என்று வகுப்பு நடத்திக் காசு பார்க்கிறவர்களை நம்பாதீர்கள். இரண்டும் சேர்ந்தே உழைக்கின்றன.)

முக்கியமான சங்கதி இனிமேல்தான். எழுத்துக்கான அந்த இடப்பக்க ஓங்கல் பிறவியில் வருவதல்ல. பள்ளிக்குப் போகாத குழந்தையிடம் அது இல்லை, வாசிக்கக் கற்றபின் தோன்றுகிறது. அதுவும் கற்ற எழுத்துக்குத்தான். சீன எழுத்து அறியாதவர் மூளை அதை வெறும் வடிவமாகவே எடுத்துக்கொள்கிறது. நம் ஊர் இந்திய அறிவியல் கழகத்தில் எஸ்.பி.அருண் குழுவினர் தெலுங்கு வாசிப்போரையும் மலையாளம் வாசிப்போரையும் ஒப்பிட்டு 2019ல் வெளியிட்ட ஆய்வும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. தெரிந்த எழுத்தின் தொடரை மூளை தனித்தனி எழுத்தாக எளிதில் பிரித்துப் பார்க்கிறது.

விவேக் நகரில் நம் பிள்ளைகள் வீட்டில் நன்றாகவே தமிழ் பேசுகிறார்கள். பாட்டி முகத்தைக் கண்டால் அவர்கள் வலது மூளை துடிக்கும். பாட்டி எழுதிய கடிதத்தை நீட்டினால்? மாங்குளத்தில் நாம் நிற்கிற மாதிரிதான் அவர்கள் நிற்பார்கள்.

வயதானபின் எழுதப் படிக்கக் கற்றவர்களிடமும் மூளை மாறுவதை 2010ல் பிரான்சின் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் குழுவினர் காட்டினார்கள். நானே முப்பது தாண்டித்தான் கன்னட எழுத்துக் கற்றேன். முதலில் பஸ் பலகை கோலம் மாதிரி இருந்தது. இப்போது பஸ் வளைவில் திரும்பும்போதே வாசித்துவிடுகிறேன்.