18 சென்டிமீட்டர் அம்பாசிடர்

கோடை விடுமுறைக்குப் பேரையூர் வந்த பேரனும் நானும் அட்டையில் ஓர் அம்பாசிடர் செய்தோம். அசல் வண்டி சுமார் 4.3 மீட்டர் நீளம். 24-இல் ஒரு பங்கு என்றால் 18 சென்டிமீட்டர்.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டைத் தழுவி, கல்கத்தா அருகே உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரை தயாரான வண்டி. உருண்ட உடம்பு பெரிதாக மாறவேயில்லை. முன்பக்கக் கிரில்தான் மார்க் 2, மார்க் 3 என்று மாறியது.

அதில்தான் எங்களுக்குள் தகராறு. அவன் கடைசியாக வந்த மாடலைக் கேட்டான். எனக்கு மார்க் 2தான் வேண்டும். என் அம்மாவை மதுரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன வாடகைக் கார் அது. அம்மா திரும்பவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு ஜன்னல் கொசுவலையில் மிச்சமிருந்த துண்டை எடுத்து, மார்க் 2-இன் கட்டம் போட்ட கிரில்லை வெட்ட ஆரம்பித்தான்.