மந்தை நாயின் வம்சாவளி: பார்டர் காலி குட்டித் தேர்வின் வரலாறு

ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்புறக் குன்றுகளில் ஆடு மேய்த்தவர்கள் நிறத்தையோ காதின் நிமிர்வையோ பார்த்து நாய்க்குட்டி வாங்கவில்லை. தாயும் தகப்பனும் மந்தையில் எப்படி வேலை செய்கின்றன என்றே கேட்டார்கள். இன்று பல நாடுகளின் பண்ணைகளில் உழைக்கும் பார்டர் காலி இனம் அந்த ஒரு கேள்வியிலிருந்து உருவானது. வாய்வழியாக வழங்கிய அந்த விசாரிப்பு பந்தயமாக, பதிவேடாக, மருத்துவச் சோதனையாக வளர்ந்த விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

நம் கீதாரிகளின் கிடையில் நாய்க்கு முதல் வேலை காவல். பிரிட்டனின் நிலை வேறு. ஜான் கேயஸ் என்ற மருத்துவர் 1570இல் பிரிட்டிஷ் நாய்களைப் பற்றி லத்தீனில் எழுதிய நூலில், அங்குள்ள மேய்ப்பனின் நாய் பேருருவம் கொண்டதல்ல என்கிறார். இங்கிலாந்தில் ஓநாய் இல்லை என்பதையே அதற்குக் காரணமாகச் சொல்கிறார். எசமானின் குரலுக்கும் சீழ்க்கைக்கும் கட்டுப்பட்டு, சிதறிய ஆடுகளை அவன் விரும்பிய இடத்துக்கு அந்த நாய் கொண்டுவந்து சேர்க்கும் என்பதும் அவர் தரும் செய்தி. காவல் சுமை நீங்கிய நாயிடம் மந்தையைத் திரட்டும் திறன் மட்டுமே எதிர்பார்க்கப்பட்டது. அதன் உடலும் குணமும் அந்த வேலைக்கேற்பவே அமைந்தன.

வேலியற்ற குன்றுகளில் செவியட், கருமுகச் செம்மறி மந்தைகள் பெருகியபோது தேவை இன்னும் கூர்மையானது. ஒரே மேய்ப்பன் நூற்றுக்கணக்கான ஆடுகளைப் பார்க்க வேண்டியிருந்தது. நல்ல நாய் இல்லாமல் அது நடக்காது. ஆயினும் குட்டி வாங்குவது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தையே நம்பியிருந்தது. ஸ்காட்லாந்தின் எட்ரிக் பகுதி மேய்ப்பரும் எழுத்தாளருமான ஜேம்ஸ் ஹாக், தம் புகழ்பெற்ற நாய் சிர்ராவை மாட்டு வியாபாரி ஒருவரிடமிருந்து ஒரு கினி கொடுத்து வாங்கினார். அப்போது அதற்கு ஒரு வயதுகூட ஆகவில்லை, ஆடு திருப்பவும் தெரியாது. பிற்காலத்தில் இரவில் கலைந்தோடிய ஏறத்தாழ 700 ஆட்டுக்குட்டிகளை அது திரட்டிவைத்ததாக ஹாக் எழுதியிருக்கிறார். அத்தகைய நாய் யாருக்குப் பிறந்தது என்பதற்கு அன்று எந்த ஏடும் இல்லை.

திருப்பம் 1873இல் வந்தது. வேல்ஸ் நாட்டின் பாலா என்ற ஊரில் அவ்வாண்டு நடந்த மந்தை நாய்ப் பந்தயமே பிரிட்டனில் நடந்ததாகப் பதிவான முதல் பந்தயம். ரிச்சர்ட் லாயிட் பிரைஸ் என்பவர் நடத்திய அப்போட்டியில், வேல்ஸில் குடியேறியிருந்த ஜேம்ஸ் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ட்வீட் என்னும் சிறிய நாயுடன் வென்றார். அதே ஆண்டில் நாய்க் கண்காட்சிகளை நெறிப்படுத்தும் கென்னல் கிளப் லண்டனில் தொடங்கப்பட்டது. விக்டோரியா அரசியின் பிரியத்தால் காலி எனப்படும் மந்தை நாய்கள் ஏற்கெனவே மேட்டுக்குடியின் செல்லமாகியிருந்தன. அழகுக் கண்காட்சிகளுக்காக வளர்க்கப்பட்ட கிளையில் முகம் நீண்டது, மயிர் செழித்தது. மந்தை வேலை கைவிட்டுப்போனது. பந்தயக் களத்தை நம்பிய கிளையில் வேலை நிலைத்தது. இவ்வினத்தின் பிற்கால வரலாறு முழுவதும் இந்தப் பிரிவிலிருந்தே விளங்கும் என்பது என் முடிவு.

அந்த வேலைக் கிளையில், நார்தம்பர்லாந்தைச் சேர்ந்த ஆடம் டெல்ஃபரின் வீட்டில் 1893இல் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற கடுவன் நாயின் பிறப்பைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். குனிந்து, அசையாமல் பார்வையாலேயே ஆட்டைக் கட்டுப்படுத்தும் ஆற்றலை மேய்ப்பர்கள் 'கண்' என்பார்கள். ஹெம்பின் தகப்பன் ராய் இணக்கமான சுபாவம் கொண்டது. அதற்குக் கண் குறைவு. தாய் மெக்குக்கோ கண் மிதமிஞ்சியிருந்தது, ஆட்டைப் பார்த்தபடியே உறைந்து நின்றுவிடும். தனித்தனியே இரண்டும் குறையுள்ள நாய்கள். டெல்ஃபர் ஒன்றின் குறையை மற்றதன் மிகையால் நிரப்பினார். பிறந்த குட்டி குரைக்காமலும் கடிக்காமலும் ஆடுகளை அமைதியாக நகர்த்தியது. அதற்கு ஏறத்தாழ 200 குட்டிகள் பிறந்ததாகச் சொல்லப்படுகிறது. இன்றைய பார்டர் காலிகளின் வம்சாவளி பெரும்பாலும் அதில்தான் போய் முடிகிறது. பரிசு வென்ற இரண்டு நாய்களை இணைத்தாலே நல்ல குட்டி கிடைத்துவிடும் என்று நம்புவோர் இந்த இணையை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

1906இல் ஸ்காட்லாந்தின் ஹாடிங்டனில் சர்வதேச மந்தை நாய்ச் சங்கம் உருவானது. அதன் செயலாளர் ஜேம்ஸ் ரீட், கண்காட்சிக் காலிகளிலிருந்து வேறுபடுத்துவதற்காக 1915இல் 'பார்டர்' என்ற முன்னொட்டைச் சேர்த்தார் என்பது வழக்கு. சங்கம் தோன்றுமுன் 1901இலேயே இறந்துவிட்ட ஹெம்புக்கும் பதிவேட்டில் 9ஆம் எண் வழங்கப்பட்டது. தோற்றத்துக்கென்று எந்த இலக்கணத்தையும் இச்சங்கம் விதிக்கவில்லை. வம்சாவளி தெரியாத நாயும் வேலையில் தன்னை மெய்ப்பித்துச் சோதனைகளில் தேறினால் தகுதியின் பேரில் பதிவு பெறலாம். அந்த வாசலைத் திறந்து வைத்திருந்ததையே இச்சங்கத்தின் மிகச் சிறந்த முடிவாக நான் மதிப்பிடுகிறேன்.

பதிவேட்டால் ஆபத்தும் விளைந்தது. 1965இல் கார்டிஃபில் நடந்த சங்கத்தின் சர்வதேசப் பந்தயத்தில் உச்ச விருதை வென்ற விஸ்டன் காப் என்ற நாய்க்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை. அதன் வித்துக்கு ஏற்பட்ட கிராக்கியால் பிற்காலச் சந்ததிகளின் வம்சாவளியில் அதன் பெயர் திரும்பத் திரும்ப வரலாயிற்று. நெருங்கிய உறவுக்குள் இணைசேர்க்கும்போது ஒளிந்திருக்கும் நோய்க்கூறுகள் வெளிப்படுகின்றன. பார்வையைப் பாதிக்கும் காலி கண் குறைபாடு அப்படி ஒடுங்கு மரபணுவால் வருவது. தாயும் தகப்பனும் நன்றாகப் பார்க்கும் கண்களோடு அதைச் சுமந்துகொண்டிருக்கலாம். பாதிக்கப்பட்ட குட்டி வளரும்போது நிறமி படிந்து இலேசான குறை மறைந்துவிடக்கூடும் என்பதால் எட்டு வாரத்துக்குள் கண் பார்ப்பது நல்லது. இந்த நூற்றாண்டில் வந்த மரபணுச் சோதனை, இணைசேர்க்கும் முன்பே எச்சரிக்கை தருகிறது.

குட்டியைச் சிறு வயதிலேயே ஆட்களோடு பழகவிடும் மேய்ப்பர்களின் பழக்கத்தை அறிவியல் பின்னர் உறுதிப்படுத்தியது. ஆய்வாளர்கள் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1965இல் வெளியிட்ட ஆய்வுநூல், மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரையான பருவமே குட்டி மனிதரோடு பழகுவதற்கு உகந்தது என்று காட்டியது. கொட்டகை இருட்டில் ஆள் முகம் பாராமல் வளர்ந்த குட்டி, எவ்வளவு உயர்ந்த வம்சமானாலும், கூப்பிட்டால் வராது. முதல் மாதங்களில் அழைத்தால் வருவதும் சொன்னால் படுப்பதும் தெரிந்தால் போதும். அந்த வயதில் குட்டியைத் தனியே ஆடுகளிடம் விடக்கூடாது. குட்டி போட்ட ஆடு ஒரு முறை முட்டினாலே நாய்க்குட்டியின் துணிவு கெட்டுவிடும். முட்டு வாங்காமல் தப்பினால் ஆட்டைத் துரத்துவதே விளையாட்டு என்று கற்றுக்கொள்ளும்.

ஏறக்குறைய பத்து மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள், ஆட்டை முந்தி ஓடும் வேகம் வந்தபின், சிறிய வயலில் சாதுவான சில ஆடுகளோடு பயிற்சி தொடங்கும். தலை தாழ்ந்து, வால் இறங்கி, குட்டி தானாகவே வளைந்து ஓடி மந்தையின் மறுபுறம் போய் நின்றால் பரம்பரை பேசுகிறது என்று பொருள். சொல்லிக்கொடுத்து இதை வரவழைக்க முடியாது. அதை நிறுத்தவும் திருப்பவும் நெறிப்படுத்தவும் மட்டுமே பயிற்றுநரால் முடியும்.

1976இல் பிரிட்டிஷ் கென்னல் கிளப்பும் 1995இல் அமெரிக்கக் கென்னல் கிளப்பும் இவ்வினத்தைக் கண்காட்சிக்கு ஏற்றன. அமெரிக்காவில் வேலை நாய் வளர்ப்போர் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அழகு காலிக்கு நேர்ந்ததைக் கண்ட அவர்களின் அச்சம் நியாயமானது. வேலைத்திறன் தேர்ந்தெடுக்கப்படாத ஒவ்வொரு தலைமுறையிலும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பிரிட்டனில் முழுச் சாம்பியன் பட்டத்துக்கு மந்தைத் தேர்வையும் கட்டாயமாக்கியது ஓரளவு ஆறுதல். மறுபக்கம், வேலையின் மதிப்பு சந்தையில் குறையவில்லை. 2021இல் வேல்ஸில் நடந்த ஏலத்தில் கிம் என்ற இளம் பெட்டை 27,100 பவுண்டுக்கு விலைபோனது.

பண்ணைக்கு நாய்க்குட்டி தேடினால் முதலில் தாயும் தகப்பனும் ஆடுகளோடு வேலை செய்வதை நேரில் காட்டச் சொல்லுங்கள். கண், மரபணுச் சோதனைச் சான்றுகளை அதன் பிறகு கேளுங்கள். கோப்பைகளையும் பதிவுத்தாளையும் மட்டும் காட்டுகிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.