பார்க்காமலே முடிவெடுத்தவர்கள்

தொண்ணூறுகளின் இறுதியில், காலமான பத்திரிகை நண்பர் ஒருவரின் 31ஆம் நாள் நினைவுக்காகச் சிறிய வீடியோப் படமொன்றைத் தயாரித்தோம். நண்பரின் முகம் மங்கி மறைய, அதன் மேலாக அவரது வெறும் நாற்காலி தெளிந்துவர வேண்டும் என்பது எனது விருப்பம். படத்தொகுப்பைச் செய்த இளைஞர் இரு காட்சிகளுக்கும் இடையில் 'டிசோல்வ்' ஒன்றைப் பொருத்தினார். நான்கு செக்கன் என்று ஊகத்தில் சொன்னவன் நான்தான்.

"ஒருக்கா ஓட்டிப் பார்ப்பமோ?"

"ரெண்டர் முடியவேணும் ஐயா."

தேநீர் குடித்துவிட்டு வந்தோம். முடிந்திருக்கவில்லை.

இந்தக் காத்திருப்பு கணினியோடு வந்ததன்று. பிரான்சின் ஜோர்ஜ் மெலியே 1899இல் 'சின்ட்ரெல்லா' கதையைப் படமாக்கியபோது, டிசோல்வைக் கமெராவுக்குள்ளேயே செய்தார். காட்சியை மெல்ல இருளாக்கி, பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அதன் மீதே அடுத்த காட்சியைப் பதிவதுதான் முறை. தவறினால் இரண்டு காட்சிகளும் பாழ். பிற்காலத்தில் 'ஒப்டிக்கல் பிரிண்டர்' என்னும் இயந்திரம் இவ்வேலையைப் பொறுப்பேற்றது. டிசோல்வ் எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்பதைப் படத்தொகுப்பாளர் தமது பிரதியில் மெழுகுப் பென்சிலால் கோடிட்டு அனுப்புவார். ஒரு செக்கன் டிசோல்வென்றால் இரு காட்சிகளிலும் 24 பிரேம்கள் ஒன்றன்மேல் ஒன்று விழவேண்டும். பிலிம் கழுவி வரும்வரை அது அவரது மனக்கண்ணில் மாத்திரமே ஓடும். புரூவ் பாராமல் பக்கத்தை அச்சுக்கு அனுப்புவதற்கு ஒப்பானது அது. எனக்கு அந்தத் துணிவு ஒருநாளும் இருந்ததில்லை.

1971இல் சிபிஎஸ், மெமொரெக்ஸ் நிறுவனங்கள் கூட்டாக உருவாக்கிய 'சிஎம்எக்ஸ் 600', தொகுத்த காட்சிகளைக் கணினியின் துணையுடன் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்க வழிசெய்தது. கறுப்பு வெள்ளையில், தரம் குறைந்த படம்தான். 1989இல் அவிட்டும் 1991இல் அடோபி பிரீமியரும் வந்தன.

எனினும் டிசோல்வ் என்றதும் கணினி ஏன் திணறியது? வெறும் வெட்டில் புதிதாக ஆக்குவதற்கு ஒன்றுமில்லை. இருக்கும் பிரேம்களை வரிசைமாற்றி ஓட்டினால் போதும். டிசோல்விலோ ஒவ்வொரு பிரேமும், எந்தக் கமெராவும் எடுக்காத ஒரு புதிய படம். நமது 'பால்' முறையில் ஒரு பிரேமில் 720க்கு 576 புள்ளிகள். செக்கனுக்கு 25 பிரேம்கள். அதாவது, ஒவ்வொரு செக்கனுக்கும் ஒரு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தை இரு காட்சிகளிலிருந்தும் விகிதம் மாற்றிக் கலந்து கணக்கிட்டு, வட்டில் எழுதியாக வேண்டும். ரெண்டர் என்பது இதுதான். பிரீமியர் 6.5 பதிப்பு 2002இல் உடனடி முன்னோட்டத்தைத் தந்தது. இன்று மடிக்கணினியே கேட்டவுடன் ஓட்டிக் காட்டுகின்றது.

அன்று ரெண்டர் முடிந்து பார்த்தபோது, நாற்காலி முழுதாகத் தெரியவேண்டிய நேரத்திலும் நண்பரின் முகம் அதன்மேல் மங்கலாக நின்றது. இரண்டு செக்கன் போதுமாயிருந்திருக்கும். முழுப் படத்தையும் ஒளிநாடாவில் ஏற்ற வேண்டியிருந்தது, விடிந்தால் நிகழ்வு. திருத்த நேரமில்லை. மண்டபத்தில் அந்த இடம் வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

படம் முடிந்ததும் நண்பரின் துணைவியார் எழுந்து வந்து, அந்த நாற்காலிக் காட்சியை மட்டும் இன்னொருமுறை போடச் சொன்னார்.